மூன்றாம் மூட்டைப் பழம்

எங்கள் வீட்டில் யாரும் எதையும் வாய்விட்டுப் பாராட்ட மாட்டோம். நெஞ்சில் ஈரம் இல்லாதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம், தொழில் பழக்கம். நாங்கள் உலர்பழ வியாபாரிகள். சரக்கு வாங்கப் போன இடத்தில் "அடடா, பிரமாதம்" என்று ஒரு வார்த்தை நழுவிவிட்டால் போதும், அந்த நிமிஷமே மூட்டைக்கு விலை ஏறிவிடும். அதனால் நல்ல சரக்கைப் பார்த்ததும் முகத்தைச் சுளிப்பது எங்களுக்குத் தும்மல் மாதிரி தானாக வரும். என் அண்ணன் பிறந்தபோது அப்பா தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "ம்... பரவாயில்ல" என்றாராம். அம்மா இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள். அப்பாவுக்கோ இன்னும் புரியவில்லை. அதற்கு மேல் அவரிடம் வார்த்தை இல்லையே!

இந்தக் கூட்டத்துக்குள் வாழ வந்தவள் அண்ணி. அவள் பிறந்த வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாலே "ஆகா, என்ன குளிர்ச்சி" என்பார்கள். வந்த புதிதில் அவள் சமைத்துப் போட்டுவிட்டு எங்கள் முகங்களைப் பார்ப்பாள். நாங்கள் மூன்று ஆண்களும் சோதனைச் சாவடியில் சாமான் சோதிக்கிறவர்கள் மாதிரி மென்றுகொண்டிருப்போம். பாவம், ஒரு மாதம் தனக்குச் சமைக்கத் தெரியவில்லை என்றே நினைத்திருந்தாள். பிறகு நான்தான் ரகசியத்தைச் சொன்னேன்: "அண்ணி, அப்பா ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டாருன்னா அதுதான் தங்க மெடல். வாயால எதிர்பார்க்காதீங்க."

"வாயால சொன்னா என்ன குறைஞ்சு போகும் தம்பி?"

"விலை ஏறிடும் அண்ணி."

"யாரு ஏத்தறா? நான் என்ன சாப்பாட்டுக்கு விலையா போடறேன்?"

"பழகிடுச்சு, என்ன பண்றது."

அந்த அண்ணிதான் ஒரு நாள் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து, பேரீச்சம்பழத்துக்குள் பருப்பு வைக்க ஆரம்பித்தாள். பழத்தில் கொட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வறுத்த பாதாம். அதைச் சுற்றி இடித்த அக்ரூட் பருப்பு, துளி ஏலக்காய். சர்க்கரை இல்லை, நெய் இல்லை, பாகு இல்லை. பாலைவனத்தில் ஒட்டகத்தோடு நடந்தவர்கள் மடியில் கட்டிக்கொண்டு போன தீனி என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். இரண்டு பழம் தின்றால் மத்தியானம்வரை பசிக்காது.

அப்பா பார்த்தார். "பழம் நம்ம மூட்டை. பருப்பும் நம்ம மூட்டை. ரெண்டுக்கும் கல்யாணம் பண்ணி வச்சா விலை ஏறிடுமா?"

"ஏறும் மாமா. கல்யாணம் ஆனா எல்லாத்துக்கும்தான் செலவு ஏறுது."

அப்பா சிரிக்கவில்லை. ஆனால் மூக்கு நுனி அசைந்தது. அதை நான் பார்த்தேன்.

அண்ணி கேட்டது ஒன்றே ஒன்று. கடையின் முன்பக்கம், தெருவைப் பார்த்த மாதிரி ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. அதன் பின்னால்தான் அப்பாவின் முக்காலி. அலமாரிக்குள் என்ன இருக்கிறது? தாத்தா காலத்துப் பித்தளைத் தராசு, எந்தக் காலத்திலோ மாதிரிக்கு வைத்த திராட்சைக் கிண்ணங்கள், ஒரு செத்த ஈ. அந்த அலமாரியைத் தனக்குக் கொடுத்தால் பருப்பு வைத்த பழத்தை வைத்துத் தானே விற்பேன் என்றாள். அப்பா அதைக் கேட்டதும் யாரோ தன் மடியில் ஏறி உட்கார வந்த மாதிரி பார்த்தார்.

"வீட்டுத் தீனி வேற, கடைச் சரக்கு வேறம்மா. வீட்ல ஒரு பழம் சரியில்லன்னா துப்பிட்டுப் போவான். கடைல சரியில்லன்னா தெருவெல்லாம் சொல்லிட்டுப் போவான்."

இப்படி இழுபறியாக இருந்தபோதுதான் பல் டாக்டர் வந்தார். அடுத்த தெருவில் புது ஆஸ்பத்திரி திறக்கிறார். வருகிறவர்களுக்குக் கொடுக்க வெள்ளைச் சர்க்கரை போடாத ஏதாவது வேண்டும். அண்ணி ஒரு பழத்தை நீட்டினாள். வாயில் போட்டவர், "அட!" என்றார். நன்றாக வளர்க்கப்பட்ட மனிதர் போலிருக்கிறது.

அப்பா குறுக்கே புகுந்தார். "பல்லுல ஒட்டுமே டாக்டர்?"

"ஒட்டட்டும். ஒட்டினா எங்க வருவாங்க? எங்கிட்டதானே" என்றார் டாக்டர்.

அந்தப் பதில் அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. இவர் நம்ம ஜாதி ஆள்டா என்று என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். ஆர்டர் முடிவானது. டாக்டர் போனதும் அம்மாவையும் என்னையும் சாட்சிக்கு நிற்க வைத்து, அப்பா அண்ணியிடம் ஒப்பந்தம் போட்டார். "இந்த ஆர்டர்ல ஒரு வாய்கூடக் குறை சொல்லக் கூடாது. சொல்லலேன்னா முன் அலமாரி உனக்கு. சொன்னா இந்தப் பேச்சு அடுப்படியோட முடிஞ்சுது. பின்னால அலமாரின்னு வாயே திறக்கக் கூடாது."

"சரி மாமா."

அப்பா காத்திருந்தார். "அவ்வளவுதானா? 'ஒண்ணு ரெண்டு குறை இருந்தா பரவாயில்ல'ன்னு கேக்க மாட்டியா?"

"எதுக்கு மாமா? குறை வராது."

பேரமே பேசாமல் ஒருத்தி சம்மதித்தது அப்பாவைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது. அன்று சாப்பிடும்போதுகூட, "அவ எதையோ மறைக்கறா" என்று முணுமுணுத்தார்.

எதையும் மறைக்கவில்லை. அவளுக்குத் தன் கை மேல் நம்பிக்கை, அவ்வளவுதான். அண்ணி வேலை செய்வதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உதவி என்று பெயர், ஆனால் பெரும்பாலும் வாய் பார்த்தேன். ஈரத் துணியால் ஒவ்வொரு பழத்தையும் துடைத்து நிழலில் உலர்த்துவாள். காம்புத் தொப்பியைக் கிள்ளி எடுப்பாள். பிறகு பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். நான் முதலில் அழுகல் பார்க்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, சுருக்கம் தேடுகிறாள். எல்லாப் பேரீச்சையிலும் நீளவாக்கில் ஒரு ஆழமான சுருக்கம் இருக்கும். அந்தச் சுருக்கத்துக்குள்ளேயே கத்தி நுனியை விட்டு, அடிவரை போகாமல் கீறுவாள். கொட்டை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வைச் சுரண்டிவிடுவாள். அது இருந்தால் தொண்டையில் காகிதம் மாதிரி நிற்குமாம்.

பாதாமை எண்ணெய் இல்லாமல் சிறு தீயில் வறுத்து, முழுசாக ஆறவிட்டுத்தான் வைப்பாள். சூட்டோடு வைத்தால் பழத்துக்கு உள்ளே வியர்த்துவிடும். கூர் முனை முதலில் போக வேண்டும். சுற்றிலும் அக்ரூட் விழுது. பிறகு இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் ஒரு உருட்டு, பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரி. கையைத் திறந்தால் கீறின இடம் எங்கே என்று தெரியாது. அது தன் பழைய சுருக்கத்துக்கே திரும்பிப் போயிருக்கும். கொட்டையோடு மரத்திலிருந்து விழுந்த பழம் மாதிரி ஒன்றும் அறியாத முகத்தோடு உட்கார்ந்திருக்கும்.

எடுத்த கொட்டைகளை அவள் குப்பையில் போடவில்லை. முட்டை அடுக்குகிற அட்டைகளை வாங்கி வைத்திருந்தாள். ஒரு பழம் தட்டுக்குப் போனால், அதன் கொட்டை அட்டைக் குழிக்குப் போகும். அட்டை நிறைந்தால் தட்டும் நிறைந்திருக்க வேண்டும். ஒரு குழி காலியாக இருந்தால் எந்தப் பழத்திலோ கொட்டை தங்கிவிட்டது என்று அர்த்தம்.

"கொட்டைக்கெல்லாம் மெத்தை போட்டுப் படுக்க வைக்கறா" என்றார் அப்பா.

அவர் அன்று பின்கட்டுக்கு அடிக்கடி வந்தார். தண்ணீர்ப் பானை அங்கேதான் இருக்கிறது. ஒரு மனிதனுக்கு அவ்வளவு தாகம் எடுத்து நான் பார்த்ததில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பு என்ற பேச்சு வந்தாலே அம்மா அவர் வாயைப் பார்ப்பாள். அதனால் அவர் தட்டுகளின் பக்கம் திரும்பாமல், சுவரைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்.

எல்லாம் முடிந்தது. அண்ணி அட்டைகளை வரிசையாக வைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒரு குழிகூடக் காலியில்லை. ஒவ்வொரு பழத்தையும் வெள்ளைக் காகிதக் கிண்ணத்தில் உட்கார வைத்து, கலந்து கலந்து டப்பாக்களில் அடுக்கி மூடினோம். சாயங்காலம் நான்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அண்ணி முகம் கழுவப் போனாள்.

வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தால், அப்பா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். டப்பாக்கள் திறந்து கிடக்கின்றன. ஒரு பழத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வைரம் பார்க்கிறவர் மாதிரி ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார். பக்கத்தில் தாத்தா காலத்துத் தராசு. அலமாரியிலிருந்து அது வெளியே வந்து நான் பார்த்ததே இல்லை.

"என்னப்பா பண்றீங்க?"

"கத்தாதே. கதவைச் சாத்து."

சாத்தினேன். அப்பா குரலைத் தாழ்த்தினார். "இதுல ஒரு பழத்துல கொட்டை இருக்குடா."

"எப்படி இருக்கும்? அட்டை நிறைஞ்சிருக்கு. நானே பார்த்தேன்."

"அட்டை சரிதான். கணக்கும் சரிதான். தட்டுலதான்..." என்று இழுத்தார். தலையைச் சொறிந்தார். சரக்கு கெட்டுப் போச்சு என்று சொல்ல வந்த எதிராளியிடம்கூட அவர் அவ்வளவு நெளிந்ததில்லை. "ஒண்ணு எடுத்து வாயில போட்டுட்டேன். வரிசையில ஓட்டை தெரிஞ்சுது. உங்கம்மா வந்து பார்த்தா? அதான், மூட்டைலேர்ந்து ஒரு முழுப் பழத்தை எடுத்துக் காம்பைக் கிள்ளிட்டு அந்த இடத்துல வச்சுட்டேன். அப்புறமா எடுத்துடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க எல்லாத்தையும் கலந்து டப்பால போட்டுட்டீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. டாக்டர் வாசலிலேயே ஒருத்தர் பல் உடைந்தால் அவருக்கு நல்ல தொடக்கம்தான். நமக்கு? அண்ணியின் அலமாரி? அவள் தன்மேல் ஒரு தப்பும் இல்லாமல் தோற்றுப்போவாள். அட்டை நிறைந்திருக்கிறதே என்று காலமெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பாள்.

"சரி, உங்க பழம் எது? எடுங்க. வெட்டுனது ஒண்ணு, வெட்டாதது ஒண்ணு. பார்த்தா தெரியாதா?"

"தெரியலடா!"

அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதில்லை. மூட்டையைத் திறக்காமலே முகர்ந்து பார்த்து எந்த வருஷத்துச் சரக்கு என்று சொல்கிற மனிதர். பூச்சி அரித்த அத்திப்பழத்தை நடந்துகொண்டே கண்டுபிடிப்பார். அவர், தானே வைத்த பழத்தைத் தானே தேடி, விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அமுக்கிப் பார்த்தா எல்லாத்துலயும் கெட்டியா இருக்கு. பாதாமா, கொட்டையா, யாரு கண்டா? நிறுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பழமும் ஒரு எடை. ஊசி குத்தலாம்னா சரக்கு பாழாகும். கீறின இடத்தைப் பார்க்கலாம்னா கீறின இடமே இல்ல! எந்தக் கடங்காரி கையில கத்தியைக் குடுத்து..."

"நான்தான் மாமா."

அண்ணி வாசலில் நின்றிருந்தாள். முகத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றாளோ, அப்பாவின் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் அதே சந்தேகம்.

அப்பா இந்த இடத்தில் நழுவியிருக்கலாம். வாய் உள்ளவர், வழியா கிடைக்காது? ஆர்டரைத் தள்ளிப் போடு, வேறு பழம் அனுப்பு, எது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் தராசைத் தள்ளிவைத்துவிட்டு, "நான்தாம்மா. ஒண்ணைத் தின்னுட்டு அந்த இடத்துல முழுப் பழத்தை வச்சேன். உன் மேல தப்பு இல்ல" என்றார்.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"எப்படி இருந்துச்சு மாமா?"

"எது?"

"தின்னது."

அப்பா ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். "வேற என்ன வேணும்னாலும் கேளு. பதில் சொல்றேன்."

"சரி. எந்த மூட்டைல எடுத்தீங்க?"

அப்பாவுக்கு முந்தைய கேள்வியே தேவலை என்கிற முகம். "...பின்னாடி மூட்டை."

"மூணாவதா?"

"வாயில போடப் போறது இல்லியே, வெறும் இடத்தை அடைக்கத்தானேன்னு... நல்ல மூட்டைல கைவைக்க மனசு வரல."

அண்ணி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. மூன்றாவது மூட்டைச் சரக்கு மட்டம். காய்ந்த பழத்துக்கு எண்ணெய் தடவி மினுக்கி, நல்ல பழம் மாதிரி காட்டி எங்கள் தலையில் கட்டிய சரக்கு. அதை வாங்கி வந்தது நான் என்பதால் அந்தப் பேச்சை அதிகம் வளர்க்க வேண்டாம்.

"மினுங்குமேன்னு என் துண்டால நல்லா துடைச்சுட்டுத்தான் வச்சேன்" என்றார் அப்பா. செய்வதைத் திருந்தச் செய்கிறவர்.

"மேல துடைச்சிருப்பீங்க மாமா. சுருக்கத்துக்குள்ள இருக்கறது மெதுவா இறங்கும். என் பழத்துல எண்ணெயே கிடையாது. தம்பி, பழத்தைப் பார்க்காதீங்க. தூக்கிட்டுக் கீழ இருக்கற பேப்பரைப் பாருங்க."

மூன்று பேரும் தரையில் குனிந்து, பழத்தைத் தூக்கு, கிண்ணத்தைப் பார், வை. பழத்தைத் தூக்கு, கிண்ணத்தைப் பார், வை. அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. அடுத்த தெருவில் டாக்டர் வாசலில் பந்தலுக்குச் சாமான் இறக்கும் சத்தம் கேட்டது. டப்பா டப்பாவாக மூடி அடுக்கினோம். ஒன்றும் இல்லை. இதுவும் பொய்க்கணக்கோ என்று நான் சந்தேகப்பட ஆரம்பித்தபோது, அப்பா, "இந்தா" என்றார்.

வெள்ளைக் கிண்ணத்தின் அடியில், வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி, விரல் நகம் அளவு ஒரு எண்ணெய் வட்டம்.

அண்ணி அந்தப் பழத்தைப் பிட்டாள். உள்ளே கொட்டை சாவகாசமாகப் படுத்திருந்தது. அதை வைக்க அட்டையில் இடம் இல்லை, எல்லாக் குழியும் நிறைந்திருந்தது. அவள் அதை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது உங்க கணக்கு மாமா."

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. அம்மா. "என்ன இது, மூணு பேரும் தரையில உக்காந்து பேப்பர் பொறுக்கறீங்க?"

அப்பாவின் கை மூடிக்கொண்டது. அண்ணிக்கு அது எப்படிப்பட்ட தருணம் பாருங்கள். ஒரே வார்த்தை போதும். அலமாரி என்ன, கடைச் சாவியையே எழுதி வாங்கியிருக்கலாம். நானாக இருந்தால் வாங்கியிருப்பேன். என் ரத்தம் அப்படி.

அண்ணி கையில் ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டு எழுந்தாள். "மாமா சரக்கைச் சரி பார்த்துக் குடுத்தாங்க அத்தை. ஒரு பழம் மட்டமா இருந்துச்சு. கண்டுபிடிச்சது அவங்கதான்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எங்கள் பரம்பரையில் இவ்வளவு நேர்த்தியாக உண்மையை யாரும் கையாண்டதில்லை. அப்பா அவளைப் பார்த்த பார்வையை நான் சந்தையில் பார்த்திருக்கிறேன். அசல் சரக்கு எதிரில் வந்து நிற்கும்போது, முகம் சுளிக்கக்கூட மறந்துபோய் ஒரு கணம் நிற்பாரே, அந்தப் பார்வை.

காலியான இடத்தில் அண்ணி கையோடு ஒரு புதுப் பழத்துக்குப் பருப்பு வைத்து உட்கார வைத்தாள். திறப்பு விழாவுக்கு அப்பாவும் கூடவே வந்தார். டாக்டரை வாழ்த்தத்தான் என்றார். ஆனால் ஓர் ஓரமாக நின்று தின்கிறவர்களின் தாடைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது மெல்லுவதை நிறுத்தினால் இவர் மூச்சை நிறுத்தினார். கடைசி டப்பா காலியாகிறவரை அந்த மனிதர் உட்காரவில்லை. டாக்டர் வந்து அவர் கையைக் குலுக்கி, "உங்க மருமக பிரமாதம்" என்றார். அப்பா பழக்கதோஷத்தில், "சுமாராத்தான்..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் குறை சொல்ல ஆரம்பித்துப் பாதியில் விட்டு நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் காலை நான் கடைக்குப் போனபோது கண்ணாடி அலமாரி துடைத்து வைக்கப்பட்டிருந்தது. செத்த ஈயைக் காணோம். முக்காலி ஓரத்துக்கு நகர்ந்திருந்தது. அண்ணி உள்ளே பழங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா தெருப்பக்கம், வாங்க வந்தவர்கள் நிற்கிற இடத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் நின்று அவர் தன் கடையைப் பார்த்ததே இல்லை.

"ஒண்ணு குடு" என்றார்.

"அத்தை திட்டுவாங்க மாமா."

"பாதி குடு."

அண்ணி ஒரு பழத்தைக் குறுக்கே வெட்டி, பாதியை நீட்டினாள். வெட்டு வாயில் பழம், அக்ரூட், நடுவில் வெள்ளையாகப் பாதாம். அப்பா அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றார். நான் வழக்கம்போல் காத்திருந்தேன். ஏலக்காய் கூட என்பார், பாதாம் வறுபடவில்லை என்பார், அளவு சின்னது என்பார்.

ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன மாமா, விலைகூடக் கேக்கலையே?" என்றாள் அண்ணி.

அப்பா பல்லில் ஒட்டியிருந்ததை நாக்கால் எடுத்து, அதையும் முழுங்கினார்.

"விலை கேட்டா பேரம் பேசணும்மா" என்றார். "இதுக்கு எனக்கு வாய் வரல."